கேள்வி நேரம்: நத்தைக்குள் ஒரு வளையம்

மழை பிடித்ததும் நத்தைக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் ஒரே திசையில்: தரைநத்தைகளின் மைட்டோகாண்டிரியா மரபணுத்தொகுதி (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்புக்குள் இருக்கும் தனி டி.என்.ஏ. வளையம்), அதை வைத்து யாருக்கு யார் உறவு என்று சொல்வது எப்படி என்பது. தேர்ந்தெடுத்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில். ஆய்வுக்கூடக் கேள்விகளுக்கு அளவுகளோடு எழுதியிருக்கிறோம்; மற்றவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

கே: வயலில் பொறுக்கிச் சமைக்கும் நத்தையும், மழை பெய்தால் சுவரில் ஏறும் நத்தையும் ஒரே சாதிதானா? ஒன்று தண்ணீரில், ஒன்று தரையில் என்பதுதான் வித்தியாசமா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

ப: ஒரே சாதி இல்லை. வயல் நத்தையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்துவதுபோல் கெட்டியான மூடியால் வாயை அடைத்துக்கொள்ளும். அது பைலா என்ற பேரினம். சுவரில் ஏறும் ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்கு அந்த மூடியே கிடையாது. வெயில் காலத்தில் சளியைக் காயவிட்டு ஒரு சவ்வு கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கண்ணும் வேறு இடத்தில் இருக்கிறது. சுவர் நத்தைக்கு மேல் கொம்புகளின் நுனியில் கண். வயல் நத்தைக்குக் கொம்பின் அடியில், தனியாக ஒரு குட்டைக் காம்பில்.

சுவாரசியம் இனிமேல்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் சைக்ளோபோரஸ் என்றொரு நத்தை இருக்கிறது. வாழ்க்கை முழுதும் தரையில், இலைச் சருகுக்குள். செவுள் இல்லை, காற்றைத்தான் சுவாசிக்கிறது. பார்த்தால் சுவர் நத்தைக்குப் பங்காளி என்றுதான் தோன்றும். ஆனால் அதற்கு வட்டமான மூடி உண்டு, கண் கொம்படியில். மைட்டோகாண்டிரியாவில் மரபணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையும் பெரும்பாலும் பைலாவுடையதோடு ஒத்துப்போகிறது, சுவர் நத்தையோடு அல்ல. அதாவது சைக்ளோபோரஸ் உங்கள் வயல் நத்தைக்குத்தான் நெருங்கிய சொந்தம். தரைக்கு ஏறியது தனிக் கதை. ஹெலிசினா வகை நத்தைகள் மூன்றாவது வழி: கடலோரப் பாறைகளில் ஒட்டும் நெரைட்டுகளின் கிளையிலிருந்து தனியாகத் தரையேறியவை. "தரைநத்தை" என்பது ஒரு குடும்பத்தின் பெயரல்ல, ஒரு முகவரி. வெவ்வேறு குடும்பங்கள் வெவ்வேறு காலத்தில் அதற்குக் குடிவந்தன.

மூடியில்லாத, கொம்பு நுனியில் கண் உள்ள பெரும் கூட்டத்துக்கு ஸ்டைலோமட்டோபோரா என்று பெயர். உலகின் தரைநத்தைச் சிற்றினங்களில் பெரும்பான்மை இதில்தான் அடக்கம். இனி இந்தப் பக்கத்தில் "தரைநத்தை" என்றால் இவற்றையே சொல்கிறோம்.

கே: நத்தையின் மைட்டோகாண்டிரியா மரபணுத்தொகுதி மற்ற விலங்குகளுடையதிலிருந்து அப்படி என்ன வேறுபட்டது? எல்லாவற்றிலும் 37 மரபணு என்றுதானே பாடத்தில் இருக்கிறது?
— எம்.எஸ்ஸி. மாணவி, பாளையங்கோட்டை

ப: பாடம் சரிதான். புரதம் செய்ய 13, கடத்து ஆர்.என்.ஏ. 22, ரைபோசோம் ஆர்.என்.ஏ. 2. மனிதனுக்கும் அதே 37. ஆனால் மனிதனுக்கு அந்த டி.என்.ஏ. வளையம் 16,569 எழுத்து (ஏ, டி, ஜி, சி என்ற நான்கு காரங்கள்) நீளம். கிரீஸின் சுண்ணாம்புப் பாறைகளில் வாழும் அல்பினேரியா செருலியாவுக்கு 14,130. ஐரோப்பியத் தோட்டங்களில் பட்டை போட்ட ஓட்டோடு திரியும் செபேயா நெமொராலிஸுக்கு 14,100. தரைநத்தைகளில் முதலில் முழுதாகப் படிக்கப்பட்டவை இவை. 1995, 1996-இல் வெளிவந்தன. அதே சாமான்களை 2,400 எழுத்து குறைவான வீட்டில் வைத்திருக்கின்றன.

எங்கே மிச்சம் பிடித்தன? மனிதனுக்கு ஆயிரம் எழுத்துக்கு மேல் நீளமான கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்று உண்டு. அல்பினேரியாவில் அப்படி ஒரு காலி மனையே இல்லை. இருக்கும் இடைவெளிகள் சில பத்து எழுத்துகள். அது போதாதென்று, மரபணுக்கள் ஒன்றின் வாலில் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கடத்து ஆர்.என்.ஏ.க்கள் குளோவர் இலைபோல் மடிவதாகப் படித்திருப்பீர்கள். தரைநத்தையில் பலவற்றுக்கு ஒரு கை குட்டை. அமினோ அமிலத்தைப் பிடிக்கும் தண்டின் ஒரு பக்க எழுத்துகள் அடுத்த மரபணுவின் முதல் எழுத்துகளாகவும் இருக்கும். இரண்டு வேலைக்கும் ஒரே எழுத்து எப்படிப் பொருந்தும்? பொருந்தாதுதான். ஜப்பானின் யூஹாட்ரா நத்தையில் 1995-இல் இதற்கு விடை கிடைத்தது. ஆர்.என்.ஏ. தயாரான பிறகு, இணை சேராத அந்த எழுத்துகள் திருத்தப்படுகின்றன, பெரும்பாலும் "ஏ"வாக. டி.என்.ஏ.வில் பிழையாகத் தெரிவது, ஆர்.என்.ஏ.வில் சரியாகிவிடுகிறது.

இதை மனதில் வையுங்கள். கணினி நிரல் "இந்தக் கடத்து ஆர்.என்.ஏ. இல்லை" என்று சொன்னால் பாதி நேரம் அது இருக்கும், நிரல் எதிர்பார்க்கும் அழகில் இருக்காது, அவ்வளவுதான்.

இன்னொன்று, எழுத்துகளைப் புரதமாக மாற்றும்போது முதுகெலும்பில்லா விலங்குகளின் மைட்டோகாண்டிரியா குறியீட்டை, அதாவது 5-ஆம் எண் அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். அதில் "ஏ.டி.ஏ." மெத்தியோனின், "டி.ஜி.ஏ." டிரிப்டோபேன், "ஏ.ஜி.ஏ.", "ஏ.ஜி.ஜி." இரண்டும் செரின். மறந்துபோய் 1-ஆம் எண்ணில் விட்டால் நல்ல வரிசையிலும் நடுநடுவே நிறுத்தக் குறிகள் முளைக்கும். பிறகு "போலி மரபணு" என்று தூக்கிப் போடுவீர்கள். 2-ஆம் எண் முதுகெலும்பிகளுக்கு, அதுவும் தவறு.

கே: நத்தைப் பாதத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்தால் அளவு நிறையக் காட்டுகிறது. ஆனால் டி.என்.ஏ.வைப் பல மடங்கு பிரதியெடுக்கும் பி.சி.ஆரில் ஒரு பட்டைகூட வருவதில்லை. மூன்று மாதமாகப் போராடுகிறோம். என்ன தவறு?
— ஆய்வு மாணவர்கள், கோவை

ப: சளி. நத்தையின் சளியில் உள்ள கூட்டுச் சர்க்கரைகள் டி.என்.ஏ.வோடு சேர்ந்தே கரைந்து, சேர்ந்தே படிந்து, கடைசியில் பி.சி.ஆர். நொதியை முடக்கிவிடும். உங்கள் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 260/280 விகிதம் 1.8 என்று அழகாக இருக்கும், ஆகவே எல்லாம் சரி என்று நினைத்திருப்பீர்கள். 260/230-ஐப் பாருங்கள். 2-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 1-க்கும் கீழே இருந்தால் விஷயம் அங்கேதான். அந்தக் கருவி டி.என்.ஏ.வோடு வேறு பலதையும் சேர்த்து எண்ணும். "நிறைய" என்று காட்டுவதை அப்படியே நம்பக் கூடாது.

புதிதாக எடுக்கும் முன் ஒரு சோதனை. இருக்கும் டி.என்.ஏ.வை 10 மடங்கு, 50 மடங்கு நீர்த்து மறுபடி பி.சி.ஆர். போடுங்கள். நீர்த்ததில் பட்டை வந்தால் தடை செய்வது சளி என்பது உறுதி. நீர்த்தாலும் வரவில்லை என்றால் பிரைமர் (பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) பொருந்தவில்லை, அல்லது டி.என்.ஏ. சிதைந்திருக்கிறது, அதற்குக் கீழே வருகிறோம்.

மறுபடி எடுப்பதானால், சி.டாப். (CTAB) என்ற சோப்பு வகை வேதிப்பொருளைக் கொண்டு எடுக்கும் முறையே நத்தைக்குச் சரி. பாதத்தின் பின்நுனியில் 20 முதல் 25 மில்லிகிராம் போதும். கூடுதலாக எடுத்தால் டி.என்.ஏ.வைவிடச் சளிதான் கூடும். செரிமானச் சுரப்பிப் பக்கம் போகவே வேண்டாம். அங்கே நொதிகள், தின்ற இலை, புழு மூன்றும் உண்டு. துண்டை டிஷ்யூவால் அழுத்தித் துடைத்து, எத்தனால் போக அரை மணி நேரம் தாங்கல் கரைசலில் ஊறவிட்டு, பொடியாக நறுக்குங்கள்.

கரைசல்: சி.டாப். 2%, சோடியம் குளோரைடு 1.4 மோலார், இ.டி.டி.ஏ. 20 மில்லிமோலார், டிரிஸ் 100 மில்லிமோலார், பி.எச். 8. இதில் 600 மைக்ரோலிட்டர் எடுத்து, மெர்காப்டோ எத்தனால் 0.2% அளவுக்கு அப்போதைக்கப்போது சேர்த்து, புரோட்டினேஸ்-கே 10 மைக்ரோலிட்டர் விடுங்கள். அதன் செறிவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம். 60 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், தசை கரையும்வரை. கரையாவிட்டால் இரவு முழுதும்.

பிறகு சம அளவு குளோரோபார்ம்–ஐசோஅமைல் கலவை, 24-க்கு 1. குலுக்காதீர்கள்; குழாயை இரண்டு நிமிடம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். 12,000 சுழற்சியில் 10 நிமிடம். இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்: குளிரூட்டிய சுழற்றியில் 4 டிகிரியில் போடுவார்கள். சி.டாப். 15 டிகிரிக்குக் கீழே தானே படிகமாகப் படியத் தொடங்கும். அறை வெப்பத்தில் சுழற்றுங்கள். நடுவில் வெள்ளை ஆடை தடிமனாகத் தெரிந்தால் மேல்நீரை மட்டும் எடுத்து இன்னொரு முறை குளோரோபார்ம். மேல்நீர் முழுவதையும் உறிஞ்ச ஆசைப்பட வேண்டாம்; கடைசி ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள்.

மேல்நீரில் மூன்றில் இரண்டு பங்கு ஐசோபுரோப்பனால் ஊற்றி, உறைபெட்டியில் அரை மணி நேரம். ராத்திரி முழுதும் வைத்தால் டி.என்.ஏ. கூடாது, உப்பும் சர்க்கரையும்தான் கூடும். சுழற்றிய பின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சிறு புள்ளி ஒட்டியிருந்தால் டி.என்.ஏ. கண்ணாடிபோல் தெளிந்த ஜவ்வரிசி உருண்டை வழுக்கிக்கொண்டு திரிந்தால் அது சளி. அப்படி வந்தால் தூக்கிப்போடாமல் தாங்கல் கரைசலில் கரைத்து, சோடியம் குளோரைடை 2 மோலார் அளவுக்கு ஏற்றி, எத்தனாலில் மறுபடி படியவிடுங்கள். அந்த உப்பில் சர்க்கரை பெரும்பாலும் கரைசலிலேயே நின்றுவிடும், டி.என்.ஏ. இறங்கும். 70% எத்தனாலில் இரண்டு முறை கழுவி, காயவைத்து, 50 மைக்ரோலிட்டரில் கரையுங்கள். எலும்பாகக் காயவிட்டால் கரையவே கரையாது.

இனி பி.சி.ஆர். 25 மைக்ரோலிட்டர் கலவையில் மக்னீசியம் 2.5 மில்லிமோலார், மாட்டு ஆல்புமின் மைக்ரோலிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம். இந்த ஆல்புமின் மிச்ச சளியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், மலிவான மருந்து. சிற்றினம் அறியப் பரவலாகப் படிக்கப்படும் சி.ஓ.1 என்ற மைட்டோகாண்டிரியா மரபணுவுக்கு எல்லோரும் எடுப்பது 1994-இல் வந்த எல்.சி.ஓ.1490, எச்.சி.ஓ.2198 பிரைமர்கள். பிரைமரோடு சுமார் 710 எழுத்து, பிரைமரைக் கழித்தால் 658. ஒட்டும் வெப்பம் 45 டிகிரி, 35 சுற்று. பட்டை வராவிட்டால் 42-க்கு இறக்குங்கள். நீர்த்தும் இறக்கியும் வராவிட்டால் பிரைமர் உட்காரும் இடத்தில் உங்கள் நத்தையின் எழுத்து மாறியிருக்கிறது. தரைநத்தைகளில் இது சகஜம். நெருங்கிய உறவு நத்தைகளின் முழு வளையங்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து அடுக்கிப் பார்த்து, உங்கள் குடும்பத்துக்கென்று பிரைமர் எழுதுவதே நிரந்தரத் தீர்வு. அவசரத்துக்கு 16எஸ் ரைபோசோம் பிரைமர்கள் கைகொடுக்கும்.

பட்டை வந்துவிட்டது என்று கொண்டாடும் முன் வரிசையைத் தரவுத்தளத்தில் தேடிப் பாருங்கள். நத்தைக்குப் பதில் உருளைப்புழுவோ, ஓட்டுக்குள் வாழும் உண்ணியோ, சில நேரம் ஆய்வு செய்தவரோ வந்திருப்பார்.

கே: ஏற்காட்டில் எடுத்த நத்தைகளை அப்படியே ஆல்கஹாலில் போட்டு வைத்தோம். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் நாற்றம். எத்தனாலில் போட்டும் எப்படி அழுகும்?
— கல்லூரி விலங்கியல் துறை, சேலம்

ப: இரண்டு காரணம். முதலாவது கணக்கு. 5 கிராம் நத்தை உடலில் ஏறக்குறைய 4 மில்லிலிட்டர் தண்ணீர். அதை 95% எத்தனால் 10 மில்லிலிட்டரில் போட்டால் கடைசியில் இருப்பது 68% எத்தனால். உருவத்தைக் காக்க அது போதும், டி.என்.ஏ.வுக்குப் போதாது. 50 மில்லிலிட்டரில் போட்டால் 88%-இல் நிற்கும். அதையும் மறுநாள் கொட்டிவிட்டுப் புது எத்தனால் மாற்ற வேண்டும். உடலைப்போல் பத்து மடங்கு, மறுநாள் மாற்று: இந்த இரண்டும் விதி.

இரண்டாவது, உயிரோடு எத்தனாலில் போட்ட நத்தை உள்ளே சுருண்டு வாயைச் சளியால் அடைத்துக்கொள்ளும். எத்தனால் உள்ளே போகவே போகாது. வெளியே பாதுகாப்பாகத் தெரியும், உள்ளே குடல் அழுகிக்கொண்டிருக்கும். கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரை ஜாடியில் விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழ் இல்லாமல் மூடி, நத்தையை இரவு முழுதும் உள்ளே வையுங்கள். கொதித்த நீரில் ஆக்சிஜன் இருக்காது. காலையில் கொம்பெல்லாம் நீட்டி, தளர்ந்து கிடக்கும். அப்போது எத்தனாலுக்கு மாற்றுங்கள். நம் ஊர் வெயிலில் 24 மணி நேரத்தைத் தாண்டவிட்டால் தண்ணீரிலேயே கெட்டுவிடும். டி.என்.ஏ.தான் முக்கியம் என்றால், நீரிலிருந்து எடுத்த உடனே பாதநுனியில் 3 மில்லிமீட்டர் துண்டை வெட்டித் தனிக் குழாயில் சுத்த எத்தனாலில் போட்டுவிடுங்கள்.

நத்தை உள்ளே சுருங்கிவிட்டால் ஓட்டைத் துளைக்க வேண்டிவரும். வாய் உதட்டையும் அடிக்குழியையும் தொடாதீர்கள். அடையாளம் காண்பதே அவற்றை வைத்துத்தான். கடைசிச் சுற்றின் முதுகில் சிறிய சன்னல் போதும். பெயர்ச்சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். பார்மலின் கூடவே கூடாது. மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டையும் தவிருங்கள்.

காப்புக்காட்டில் எடுப்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பது தெரிந்திருக்கும். மாதிரியை வெளிநாட்டுக்கு ஆய்வுக்கு அனுப்புவதானால் 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அலுவலகம் சென்னையில்தான், தரமணியில்.

கே: ஒரு மரபணுவை விட்டு முழு வளையத்தையும் படிக்க எவ்வளவு தரவு வாங்க வேண்டும்? 5 ஜிகா போதுமா? பிறகு என்ன செய்வது?
— ஆய்வு மாணவர், திருச்சி

ப: போதும். நத்தையின் உட்கரு மரபணுத்தொகுதி பெரியது. ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்குச் சுமார் 1.85 ஜிகா, அதாவது 185 கோடி எழுத்து. 5 ஜிகா தரவு அதை மூன்று தடவைகூடப் போர்த்தாது. ஆனால் ஒரு செல்லில் மைட்டோகாண்டிரியா வளையங்கள் நூற்றுக்கணக்கில். வந்த துண்டுகளில் ஆயிரத்தில் ஒன்று மைட்டோகாண்டிரியாவுடையது என்றால்கூட 50 லட்சம் எழுத்து. 14,500 எழுத்து வளையத்தை 340 தடவைக்கு மேல் போர்த்தும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் 70 தடவை. 150 எழுத்து இரட்டைமுனைத் துண்டுகளாக வாங்குங்கள்.

கெட்ஆர்கனெல், நோவோபிளாஸ்டி போன்ற நிரல்கள் வளையத்தைக் கோத்துத் தரும். முனைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி வளையம் மூடினால் நல்லது. மூடாவிட்டால் பெரும்பாலும் "ஏ", "டி" மட்டுமே நீளமாக வரும் இடத்தில் அறுந்திருக்கும். துண்டுகளைத் திரும்ப வளையத்தின்மேல் பொருத்தி, ஆழம் எங்கும் சமமாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். திடீரென்று பாதியாகும் இடத்தில் தவறான ஒட்டு இருக்கலாம்.

மரபணுக்களுக்குப் பெயரிட மைட்டோஸ் நிரல், 5-ஆம் எண் குறியீட்டோடு. அதன் முடிவை அப்படியே தரவுத்தளத்தில் ஏற்றுபவர்கள் உண்டு. பிறகு வருபவர்கள் அந்தத் தவறின்மேல் உறவு மரம் கட்டுவார்கள். மூன்று இடங்களைக் கையால் சரிபாருங்கள். முதலில் ஏ.டி.பி.8 என்ற மரபணு: மிகக் குட்டை, ஐம்பது சொச்சம் அமினோ அமிலம். எழுத்தும் நிறைய மாறும். ஆகவே "இல்லை" என்று வரும். உறவு நத்தைகளில் அது இருக்கும் இடத்தில், அதே அக்கம்பக்கத்தில் தேடினால் அகப்படும். அடுத்து மரபணுவின் தொடக்கம்: "ஏ.டி.ஜி." மட்டுமல்ல, "டி.டி.ஜி.", "ஜி.டி.ஜி."யிலும் தொடங்கும். நிரல் சில நேரம் நடுவிலிருந்து தொடங்கிவிடும். மூன்றாவது முடிவு: முழு நிறுத்தக் குறிக்குப் பதில் வெறும் "டி" அல்லது "டி.ஏ." மட்டும் இருக்கும். ஆர்.என்.ஏ.வில் வால் முளைக்கும்போது "ஏ"க்கள் சேர்ந்து குறி முழுமையாகிவிடும். இது தெரியாமல் முழுக் குறியைத் தேடி அடுத்த மரபணுவுக்குள் முப்பது எழுத்து போய்விடுகிறார்கள்.

கே: ஓட்டின் சுழற்சி இடமா வலமா என்பதைத் தாய்தான் தீர்மானிக்கிறாள் என்று படித்தேன். மைட்டோகாண்டிரியாவும் தாய்வழிதான். அப்படியானால் சுழற்சி மரபணு மைட்டோகாண்டிரியாவில் இருக்கிறதா? இருபாலி நத்தைக்குத் தாய் எது?
— பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

ப: அருமையான குழப்பம். இல்லை, சுழற்சி மரபணு உட்கருவில் இருக்கிறது. முட்டைக்குள் தாய் வைத்து அனுப்பும் சரக்குதான் முதல் செல் பிரிவுகளின் சாய்வைத் தீர்மானிக்கிறது. அதனால் குட்டியின் சொந்த மரபணு எதுவானாலும், ஓடு தாயின் மரபணுப்படி சுழலும். குட்டியின் மரபணு அதன் பிள்ளைகளில்தான் வெளிப்படும். குளத்து நத்தை லிம்னேயாவில் இதற்குக் காரணமான மரபணு 2016-இல் அடையாளம் காணப்பட்டது. அது ஒரு பார்மின் புரதத்துக்கானது. மைட்டோகாண்டிரியா அப்படியல்ல, பொருளே கைமாறுகிறது. இருபாலிகளில் முட்டை இட்டது எதுவோ அதுவே அந்த முட்டைகளுக்குத் தாய். ஒரே இரவில் இரண்டும் ஒன்றுக்கொன்று விந்து கொடுத்து, இரண்டும் தாயாகலாம்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. யூஹாட்ராவில் இடச்சுழல் ஓடு ஒரே முறை தோன்றியதா, பல முறையா என்பதை மைட்டோகாண்டிரியா மரத்தை வரைந்து 2003-இல் பார்த்தார்கள். இடச்சுழல் ஒன்றும் வலச்சுழல் ஒன்றும் எதிரெதிராக நின்றால் இனப்புழை பொருந்தாது. ஒரு மரபணு மாறினாலே இனச்சேர்க்கை தடைப்பட்டுவிடும்.

கே: ஒரே மலையில் எடுத்த, ஓட்டில் வித்தியாசமே தெரியாத நத்தைகளில் சி.ஓ.1 வரிசை 11% மாறுகிறது. பூச்சிகளில் 3%-க்கு மேல் என்றால் வேறு சிற்றினம் என்கிறார்கள். புதிய சிற்றினம் என்று எழுதலாமா?
— ஆய்வு மாணவி, மதுரை

ப: இன்னும் எழுத வேண்டாம். தரைநத்தைகளில் ஒரே சிற்றினத்துக்குள் 10%-ஐத் தாண்டும் வேறுபாடு இருப்பதை 1996-இலேயே செபேயாவிலும் தோட்ட நத்தை ஹீலிக்ஸ் ஆஸ்பெர்சாவிலும் காட்டிவிட்டார்கள். பூச்சிக் கணக்கு இங்கே செல்லாது.

ஏன் என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. எழுத்து மாறும் வேகமே சில கிளைகளில் அதிகம்; ஜப்பானின் ஒகசவாரா தீவுகளின் மண்டரினாவுக்குப் பத்து லட்சம் ஆண்டுக்கு 10% வரை மதிப்பிட்டிருக்கிறார்கள். நத்தை நகராது, பள்ளத்தாக்குக்கு ஒரு கிளை பழசாகவே தங்கிவிடும். 2022-இல் இன்னொரு திருப்பம் வந்தது. பைசா அக்யூட்டா என்ற நன்னீர் நத்தையில் மிகவும் விலகிப்போன ஒரு மைட்டோகாண்டிரியா வகை, தன்னைச் சுமக்கும் இருபாலி நத்தையின் ஆண் பக்கத்தையே முடக்கிவிடுகிறது. செடிகளில் நெடுநாளாகத் தெரிந்த சங்கதி, விலங்கில் முதன்முறை. தாய்வழியே மட்டும் போகும் மைட்டோகாண்டிரியாவுக்கு ஆண் பக்கத்தால் என்ன லாபம்? ஆக, விலகிய வரிசை என்றாலே விலகிய சிற்றினம் அல்ல.

செய்ய வேண்டியது: இரண்டு வகையும் கலந்து வாழும் ஒரே இடத்தைக் கண்டுபிடியுங்கள், ஒரே சருகுக் குவியலாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே இரண்டிலும் உட்கரு மரபணுக்களைப் படியுங்கள். மைட்டோகாண்டிரியாவில் பிரிந்தவை உட்கருவிலும் அதே இரண்டு கூட்டமாகப் பிரிந்தால் கலப்பு நடக்கவில்லை, உங்கள் சந்தேகம் பலமானது. உட்கருவில் கலந்து கிடந்தால் ஒரே சிற்றினம். வெவ்வேறு மலைகளில் எடுத்து ஒப்பிட்டால் இதைச் சொல்ல முடியாது, தூரமே பிரித்திருக்கலாம். கூடவே இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பாருங்கள். ஓடு ஒளித்ததை அது காட்டும்.

வேகமாக மாறுவதில் லாபமும் இருக்கிறது. அயர்லாந்தின் செபேயா நத்தைகளில் பரவலாக உள்ள மைட்டோகாண்டிரியா வகை, பக்கத்துப் பிரிட்டனைத் தாண்டிக் கிழக்குப் பைரனீஸ் மலைப்பக்கத்து நத்தைகளோடு ஒத்துப்போகிறது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் படகில் வந்த மனிதர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று 2013-இல் எழுதினார்கள். தின்னவா, தற்செயலா என்று நத்தை சொல்லவில்லை.

கே: 13 மரபணுக்களையும் சேர்த்து மரம் வரைந்தேன். தரைநத்தைகள், கடற்பாறையில் ஒட்டும் கூம்பு ஓட்டு லிம்பெட்டுகளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. கிளையின் உறுதியைக் காட்டும் பூட்ஸ்ட்ராப் மதிப்பு 100. இது புதுக் கண்டுபிடிப்பா?
— ஆய்வு மாணவர், புதுச்சேரி

ப: பழைய பொறி. வரிசைகளில் எழுத்து நான்குதான். இரண்டு கிளைகள் தனித்தனியாக மிக வேகமாக மாறினால், பல இடங்களில் தற்செயலாக ஒரே எழுத்தில் வந்து நிற்கும். நிரல் அதை உறவென்று எண்ணி இரண்டையும் கட்டிப்போடும். இதற்கு நீள்கிளை ஈர்ப்பு என்று பெயர். தரைநத்தையும் அந்த லிம்பெட்டும் மைட்டோகாண்டிரியாவில் நீண்ட கிளைகள். உட்கருவின் நூற்றுக்கணக்கான மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் அந்த உறவு காணாமல் போகிறது. தரைநத்தைகள் கடல் முயல்கள் அடங்கிய கிளைக்குப் பக்கத்தில் போய் உட்காருகின்றன. பூட்ஸ்ட்ராப் 100 என்றால் உங்கள் தரவு அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது என்று அர்த்தம், சரியென்று அர்த்தமில்லை. தவறான தராசில் நூறு முறை நிறுத்தாலும் அதே எடைதான் வரும்.

முதலில் வெளிக்குழுவை, அதாவது மரத்துக்கு வேர் காட்ட வெளியிலிருந்து சேர்க்கும் விலங்கை, மாற்றுங்கள். லிம்பெட்டைத் தூக்கிவிட்டு எல்லோபியிட் சதுப்பு நத்தைகள், வெரோனிசெல்லிட் ஓடில்லா நத்தைகள் போன்ற பக்கத்து வீட்டாரைப் போடுங்கள். மூன்றாம் எழுத்து இடங்களை நீக்குங்கள், அல்லது அமினோ அமிலமாக மாற்றி, மரம் வரையும் ஐக்யூ-ட்ரீ நிரலில் கலப்பு மாதிரியோடு ஓட்டுங்கள். நீண்ட கிளையை உடைக்க நடுவில் உறவு நத்தைகளைச் சேருங்கள். நிரலை மாற்றுவதைவிட இது அதிகம் பலன் தரும். மெல்லினங்களின் அடிமர உறவை மைட்டோகாண்டிரியா தீர்க்காது என்று 2013-இலேயே ஓர் ஆய்வு தலைப்பிலேயே சொல்லிவிட்டது. நுனிக்கிளைகளுக்கும், குடும்பத்துக்குள் இருக்கும் உறவுக்கும் இதை நம்புங்கள். அதைவிட ஆழமான அடிமர உறவுகளுக்கு உட்கருவிடம் போங்கள்.

கே: எங்கள் தோட்டத்தை அழிக்கும் பெரிய நத்தை இலங்கையின் சொந்த நத்தையா? காட்டில் பார்த்த வண்ண நத்தையும் அதுவும் உறவா?
— ஒரு வாசகி, கண்டி

ப: தோட்டத்தை அழிப்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் ராட்சத நத்தை. 1847-இல் கொல்கத்தாவுக்கு வந்தது, இலங்கைக்கு 1900 வாக்கில். உலகெங்கும் பரவிய இந்த நத்தைகளின் 16எஸ் வரிசையைப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே வகை. ஒரு சிறு கூட்டத்திலிருந்து கைமாறிக் கைமாறிப் போனதன் அடையாளம். வெறுங்கையால் எடுக்காதீர்கள், எலி நுரையீரல் புழுவைச் சுமக்கும், அது மனிதருக்கு மூளைக்காய்ச்சல் தரும். கீரையை நன்றாகக் கழுவுங்கள்.

காட்டில் பார்த்தது அக்காவஸ் ஆக இருக்கலாம். அது இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. அதன் சொந்தக்காரர்கள் எதிரே உள்ள தமிழ்நாட்டில் இல்லை, மடகாஸ்கரிலும் சேஷெல்ஸிலும் இருக்கிறார்கள். இந்தியா–மடகாஸ்கர் நிலங்கள் ஒன்றாயிருந்த காலத்து உறவு. கொரில்லா பேரினம் அப்படியல்ல. இலங்கையில் பல சிற்றினங்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்றே ஒன்று. அக்காவஸைத் தோட்டத்து நத்தையென்று நினைத்து உப்புப் போட்டுக் கொன்றுவிடாதீர்கள்.

கே: காலி ஓட்டிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியுமா?
— ஒரு வாசகர், தென்காசி

ப: முடியும், எப்போதும் அல்ல. ஓட்டுச் சுண்ணாம்புக்குள் மிகக் கொஞ்சம் சிக்கியிருக்கும். அழிந்துபோயிருக்கலாம் என்று கருதப்படும் காலாபகஸ் நத்தைகளின் ஓடுகளிலிருந்துகூட எடுத்திருக்கிறார்கள். 658 எழுத்தை ஒரே துண்டாக எதிர்பார்க்காதீர்கள். நூறு, நூற்றைம்பதாகப் பிரைமர் எழுதி ஒட்டவேண்டும். நத்தை பி.சி.ஆர். நடக்கும் அறையில் இதைச் செய்யவே கூடாது. வெயிலில் வெளுத்துப்போன ஓட்டை விட்டுவிட்டு, மேல்தோல் உரியாத, நிறம் மங்காத ஓட்டை எடுங்கள்.